எண்ணெய்க் கிண்ணத்தை மூடிய கை

தொக்கணத்துக்கும் தடவு முறைக்கும் சான்றளிப்பு எப்படி அமைய வேண்டும் என்று பேச இந்த மாநாட்டில் கூடியிருக்கிறோம். தலைமையேற்க அழைத்ததற்கு நன்றி.

உடம்பைப் பிடித்துவிடும் தொக்கணம் சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகை. மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். கையில் வருவதற்கு ஆண்டுகள் ஆகும்.

குமரி மாவட்டத்தில் நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு ஒரு வைத்திய ஆசான் வருவார். ஒருநாள் அடுத்த வீட்டுப் பெரியம்மா கால்வலி என்று அவரை அழைத்திருந்தார். காயத்திருமேனி எண்ணெய் இளஞ்சூட்டில் தயாராக இருந்தது. பெரியம்மாவின் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிப் பளபளத்தது. ஆசான் தன் புறங்கையை அதன்மேல் வைத்தார். பிறகு வலது காலில் வைத்தார். மறுபடி இடது காலில். எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவிட்டு, "இதத் தடவப்பிடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றார். பெரியம்மாவுக்குக் கோபம். கூலி வாங்காமலே அவர் போய்விட்டார்.

ஆழ்சிரையில் இரத்தம் உறைந்தால் பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் தோன்றும், அந்தக் காலை அழுத்தித் தேய்த்தால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம் என்பதை மருத்துவம் படித்த பிறகே அறிந்தேன். ஆசான் அதைப் புறங்கையால் படித்திருந்தார். நாம் தரப்போகும் சான்றிதழ் முதலில் அந்தக் கையைச் சோதிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அங்கீகரிக்கப்பட்ட தகுதியில்லாத பாரம்பரிய வைத்தியர்கள் மருத்துவம் பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. நோயாளியின் பாதுகாப்பை எண்ணினால் அதில் நியாயம் உண்டு. ஆனால் இன்று பல இடங்களில் மருத்துவர் எழுதித் தருகிறார், தேய்ப்பவர் வேறொருவர். தேய்க்கும் அறைக்குள் இருக்கும் கையை யார் சோதித்தார்கள்?

பயிற்சியின் மணிக்கணக்கு மட்டும் விடையாகாது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் இத்தொழிலின் உரிமத்துக்கு 1000 மணி நேரப் படிப்பு கேட்கிறது. கலிஃபோர்னியாவின் சான்றிதழுக்கு 500 போதும். ஒரே உடம்புக்கு இரண்டு கணக்கு.

ஜப்பானிடம் கற்க ஒன்று இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்ற மருத்துவர் தம்மைப் போன்றவர்களுக்குப் பள்ளிகள் அமைத்தார். அங்கே பிடித்துவிடும் தொழில் பார்வையற்றோரின் வாழ்வாதாரமாக வேரூன்றியது. 1947இல் இத்தொழிலுக்குச் சட்டம் வந்தபோதும் அவர்கள் வெளியே தள்ளப்படவில்லை. இன்று மூன்றாண்டுப் படிப்பும் தேசியத் தேர்வும் எல்லோருக்கும் உண்டு. பார்வையற்றோர் பிரெய்லியில் எழுதுகிறார்கள். தேர்வின் வடிவத்தை மாற்றினார்கள், தரத்தைக் குறைக்கவில்லை. எழுதிப் பழகாத நம் ஆசான்களுக்கு வாய்மொழியாகவும் கையாலும் தேர்வு வைக்க நமக்கு என்ன தடை?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "மசாஜ்" என்ற சொல்லைக் கேட்டதும் சிரிக்கும் சிரிப்பைத் தினமும் தாங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். தொழிலின் பெயரும் எல்லையும் தெளிவாக எழுதிய ஒரு சான்றிதழ் சுவரில் தொங்கினால், தகாத முறையில் நடப்பவரை வெளியே போகச் சொல்ல அவர்களுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். பாடத்திட்டத்தில் இது ஒரு தனிப் பாடமாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

முதல் அமர்வில் பாடத்திட்ட வரைவு விவாதத்துக்கு வருகிறது. நேற்றிரவு படித்தேன். ஒன்பது வகைத் தொக்கணமும் முதல் பக்கத்தில் இருக்கின்றன. காய்ச்சல், புதிய எலும்பு முறிவு, சீழ்ப்புண், ஒற்றைக்கால் வீக்கம் என்று கை வைக்கக் கூடாத நிலைகள் கடைசிப் பக்கத்தின் அடியில் மூன்று வரியில் அடங்கிவிட்டன. வரைவின் படிகள் உங்கள் மேசையில் உள்ளன. அந்த மூன்று வரியிலிருந்து விவாதத்தைத் தொடங்குமாறு கேட்டுக்கொண்டு மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.