வேதிப்பொறியியலும் வணிக மேலாண்மையும் ஒருங்கே கற்றல்

(மேனிலைத் தேர்வு முடித்த மாணவர்க்கும் பெற்றோர்க்கும் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரிப் படிப்பைத் தேர்ந்துகொள்ளும் பருவம் இது. கணினித் துறையின் வாயிலில் வரிசை நீண்டு நிற்கிறது. வேதிப்பொறியியல் என்ற பெயரைச் சொன்னால் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் இருவகைத் தயக்கம் எழுகிறது. வேலை கிடைக்குமா என்பது ஒன்று. அதற்கு விடை எளிது. உரம், மருந்து, சோப்பு, சர்க்கரை, காகிதம், பெட்ரோலியம், குடிநீர்ச் சுத்திகரிப்பு ஆகிய எதுவும் இத்துறையினர் இன்றி நடவாது. மற்றொரு தயக்கம் ஆழமானது. அமிலமும் நஞ்சும் கழிவும் புழங்கும் ஒரு தொழில், அணுவிரதம் ஏற்ற சிராவகனுக்குத் தகுமா என்பதே அது. வீட்டுப் பெரியவர்கள் இவ்வாறு கேட்பதைப் பழமைவாதம் என்று தள்ளிவிடுவது முறையாகாது. கேள்வி சரியான கேள்வியே. அதற்குரிய விடை, வேதிப்பொறியியலோடு மேலாண்மையையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெளிவாகிறது.

இத்துறை பிறந்த வரலாறு பலரும் அறியாதது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய சோடா உப்பை லெபிளாங்க் முறையில் செய்துவந்தனர். சாதாரண உப்பைக் கந்தக அமிலத்துடன் சேர்த்துச் சூடாக்குவது அதன் முதற்படி. அப்போது எழும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியைப் புகைபோக்கி வழியே வானில் விட்டனர். சுற்றிலும் மரங்கள் கருகின, பயிர்கள் பட்டுப்போயின. 1863இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஆல்கலிச் சட்டத்தை இயற்றி, அவ்வாவியில் நூற்றுக்கு 95 பங்கையேனும் பிடித்து அடக்க வேண்டும் என்று விதித்தது. அச்சட்டத்தின்கீழ் ஆய்வாளராகப் பணிபுரிந்தவர்களுள் ஒருவர் ஜார்ஜ் டேவிஸ். செய்யும் சரக்கு எதுவாயினும், காய்ச்சி வடித்தல், உலர்த்துதல், உறிஞ்சச் செய்தல் போன்ற வினைகள் எல்லா ஆலைகளுக்கும் பொதுவானவை என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். 1887இல் மான்செஸ்டரில் அவர் ஆற்றிய 12 சொற்பொழிவுகள் வேதிப்பொறியியல் தனிக்கல்வியாக வளர வித்திட்டன. மறு ஆண்டே அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் இதற்கெனப் பாடத்திட்டம் தொடங்கிற்று. ஆக, இத்துறையைத் தொடங்கிவைத்தவர் ஆலைக்கழிவைக் கண்காணிக்கச் சென்ற ஓர் அலுவலர்.

சட்டத்திற்கு அஞ்சிப் பிடித்து அடக்கிய அந்த அமிலம் பின்னர் என்னவாயிற்று? அதிலிருந்து குளோரின் வாயுவையும், குளோரினிலிருந்து துணி வெளுக்கும் பொடியையும் செய்யக் கற்றனர். நேற்றுவரை கழிவாயிருந்தது சந்தைச் சரக்காயிற்று. அதை வானில் விடுவது இப்போது ஆலை முதலாளிக்கே நட்டம்.

இனிப் பாடத்திற்கு வருவோம். வேதிப்பொறியியல் மாணவர் முதலில் கற்கும் கணக்கு, பொருட்சமன் கணக்கு. ஆலைக்குள் சென்ற எடை யாவும் ஒன்று வெளியே வந்திருக்க வேண்டும். அன்றேல் உள்ளே தங்கியிருக்க வேண்டும். நூறு கிலோ உள்ளே சென்று எண்பது கிலோ சரக்காக வந்தால், மீதி இருபது எங்கே என்று மாணவர் விடை காட்டியாக வேண்டும். கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் வரவும் செலவும் இருப்பும் நேர்படுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. அதன்பின் வெப்பம் கடத்தல், திரவ ஓட்டம், வினைக்கலன் வடிவமைப்பு, கட்டுப்பாட்டியல் என்று பாடம் விரிகிறது. மேலாண்மைப் பகுதியில் கணக்கியல், நிதி, சந்தை, பணியாளர் நிர்வாகம், சட்டம் ஆகியவை வருகின்றன.

இரண்டும் சந்திக்கும் இடத்திற்கு ஒரு குழாயைச் சான்றாகக் காட்டலாம். ஓடும் நீரின் அளவு மாறாதிருக்கக் குழாயின் விட்டத்தை இரட்டித்தால், உராய்வால் ஏற்படும் அழுத்த இழப்பு ஏறத்தாழ 32இல் ஒரு பங்காகக் குறையும். பம்பு இழுக்கும் மின்சாரமும் அவ்வாறே குறையும். ஆனால் பெரிய குழாய்க்கு விலை மிகுதி. எந்த விட்டத்தில் குழாயின் விலையும் பல்லாண்டு மின்கட்டணமும் சேர்ந்து மிகக் குறைவாகும் என்று காண்பதற்குப் பொறியியலும் வேண்டும், வட்டிக் கணக்கும் வேண்டும். இன்னொன்று, ஆறு பத்தில் விதி. ஆலையின் கொள்ளளவை இரட்டித்தால் கட்டும் செலவு இரு மடங்காவதில்லை. பொதுவாக ஒன்றரை மடங்கை ஒட்டியே நிற்கும். ஆலைகள் ஏன் மேன்மேலும் பெருக்கின்றன என்பதற்கு இவ்விதியே விளக்கம். பெருத்த ஆலையில் சேமித்து வைக்கும் நஞ்சும் பெருக்கும் என்பது இவ்விதியில் எழுதப்படாத மறுபக்கம்.

அந்த மறுபக்கம் 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் வெளிப்பட்டது. யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையில், ஒரே தொட்டியில் ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்தது. பூச்சிமருந்தின் விற்பனை சரிந்து ஆலை நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அத்திரவத்தைக் குளிர்நிலையில் வைத்திருக்க வேண்டிய குளிரூட்டும் அமைப்பு அவ்வாண்டு ஜூன் முதலே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம், துருப்பிடித்த குழாய் மாற்றப்படாமல் பயனற்று நின்றது. அப்பிரிவின் பணியாளர் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டிருந்தது. தொட்டிக்குள் நீர் புகுந்தபோது தடுத்து நிறுத்த எதுவும் இயங்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

இதில் ஒவ்வொரு முடிவும் தனித்தனியே ஒரு செலவுக் குறைப்பாகவே ஏட்டில் பதிவாகியிருக்கும். குளிரூட்டியை நிறுத்தினால் மிச்சம் இவ்வளவு என்று சொல்ல ஒருவர் இருந்தார். அந்த மிச்சம் எதை விலையாகக் கேட்கும் என்று அதே மேசையில், அதே கணக்கு மொழியில் எடுத்துரைக்க வல்லவர் குரல் எழவில்லை, எழுந்திருந்தால் செவிமடுக்கப்படவில்லை. பெருந்தொழிலில் இம்சை பெரும்பாலும் இவ்விதமே, வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு வரியில், எவரும் கொல்ல நினையாமலே தொடங்குகிறது.

சமண அறநூல்கள் இம்சையை நால்வகையாகப் பகுப்பதை அவையோர் அறிவர். எண்ணித் துணிந்து செய்யும் சங்கற்ப இம்சையை இல்லறத்தான் அறவே விலக்க வேண்டும். தொழிலால் நேரும் உத்தியோக இம்சையை முற்றிலும் விலக்க அவனால் இயலாது. ஆயினும் இயன்றவரை சுருக்க வேண்டும். இதனோடு அனர்த்த தண்டம் என்னும் பயனில் தீங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேவையின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைச் சிதறுதல், தீ மூட்டுதல், செடிகொடிகளைச் சிதைத்தல் ஆகியவற்றைச் சமந்தபத்திரரின் இரத்தின கரண்டக சிராவகாசாரம் கவனமின்மையால் வரும் குற்றமாக வைக்கிறது. அருங்கலச்செப்பின் வழியே இது தமிழிலும் பயிலப்படுகிறது. மண்ணும் நீரும் தீயும் காற்றும் ஓரறிவுயிர்களின் உடல் என்று கொள்ளும் சமயத்தார்க்கு, வீணாகும் ஒரு குடம் நீரும் கணக்கில் வரவேண்டியதே. பொருட்சமன் கணக்கு கற்ற மாணவருக்கு இது புதிய பாடமாக இராது.

திருப்பூர் இதற்கு அண்மைச் சான்று. பருத்தித் துணியில் சாயம் ஏற, உப்பு மிகுதியாகச் சேர்க்க வேண்டும். அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறுகிறது. கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு நீக்காது. நொய்யல் கெட்டது, கீழ்ப்பகுதி உழவர்கள் வழக்காடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் விதியை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தொழிலாளர்களின் வாழ்வாதாரமும் அதனோடு தத்தளித்தது. கழிவுநீரைச் சவ்வுகளின் வழியே அழுத்தி வடித்து, எஞ்சும் உப்புக்கரைசலை ஆவியாக்கி, நீரையும் உப்பையும் மீண்டும் சாயத்திற்கே பயன்படுத்துவது தீர்வு. வழி தெரிந்ததே, இடர் செலவில் இருந்தது. ஆவியாக்குவதற்கு வெப்பம் வேண்டும். வெப்பத்திற்குப் பணம் வேண்டும். சிறு பட்டறைகள் பல கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பது, கடன் பெறுவது, மீட்ட உப்பின் மதிப்பை விலையில் சேர்ப்பது ஆகியவை மேலாண்மைக்குரியவை. ஆவியாக்கி மட்டும் கற்றவரோ கடன் கணக்கு மட்டும் கற்றவரோ தனித்து இதை முடிக்க இயலாது.

சமண இல்லங்களுக்கு இன்னும் நெருக்கமானது மருந்துக் கூடு. பெரும்பாலான கேப்சூல்களின் கூடு ஜெலட்டினால் ஆனது. ஜெலட்டின் விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படுவது. தாவர நாரிலிருந்து செய்யப்படும் செல்லுலோஸ் கூடு இருக்கிறது; விலை மிகுதி என்பதே தடை. அதை மலிவாகச் செய்யும் முறையைக் காண்பது வேதிப்பொறியியல். மருந்து நிறுவனத்தை ஏற்கச் செய்வது வணிகம். மருந்துக்கடையில் பட்டியலைத் திருப்பிப் பார்த்துக் கவலையுறும் குடும்பங்களிலிருந்தே இப்பணிக்குப் பிள்ளைகள் செல்வது பொருத்தமானது. தோல் பதனிடுதல், ஜெலட்டின் உற்பத்தி போன்ற பணிகளை ஏலாமல் விலகும் உரிமையும் அவர்களுக்கு உண்டு; வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே அதை முடிவு செய்துகொள்வது நலம்.

படிக்கும் வழிகள் சில. சென்னை கிண்டியில் 1944இல் தொடங்கப்பட்ட அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக வேதிப்பொறியியலைக் கற்பிக்கிறது. அப்பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறை, பி.டெக். மாணவர் கூடுதலாக 18 கிரெடிட் பயின்று தொழில்முனைவு போன்றதொரு துறையில் மைனர் தகுதி பெற இடமளித்தது. இரு பட்டங்களையும் ஒருங்கே தரும் ஐந்தாண்டுப் படிப்புகளும் உள்ளன. வெளிநாட்டில் எடின்பரோ பல்கலைக்கழகம் வேதிப்பொறியியலுடன் மேலாண்மை என்றே ஒரு பட்டம் வைத்திருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1977 முதல் பொறியியலையும் வார்ட்டன் வணிகக் கல்வியையும் இணைத்து நடத்துகிறது. அங்கு ஆகும் செலவு எல்லாக் குடும்பத்திற்கும் இயல்வதன்று.

பி.டெக். முடித்து ஓரிரண்டு ஆண்டு ஆலையில் பணிபுரிந்தபின் எம்.பி.ஏ. கற்பது பலருக்கு மேலான வழியாக அமையும். வினைக்கலனின் வெப்பத்தைக் கண்முன் கண்டவருக்கே நிதிப்பாடத்தின் எண்கள் உயிர்பெறும். மேலாண்மைப் பட்டம் கைக்கு வந்ததும் ஆலையை விட்டு வங்கிக்கும் ஆலோசனை நிறுவனத்துக்கும் சென்றுவிடுவோர் மிகப் பலர். அது குற்றமாகாது, ஆனால் மேற்சொன்ன மேசையில் ஓர் இருக்கை மீண்டும் காலியாகிறது.

கல்லூரியைப் பார்க்கச் செல்லும் மாணவர், இறுதியாண்டினரின் ஆலை வடிவமைப்புத் திட்ட அறிக்கை ஒன்றைக் கேட்டு வாங்கிப் புரட்டலாம். கழிவுநீருக்கும் பாதுகாப்புக்கும் ஆகும் செலவு அதில் மூலதனத்தோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறதா, கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தியாக ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று நோக்கினால், அத்துறையில் பாடம் எவ்வாறு நடக்கிறது என்பது தெரிந்துவிடும். கலந்தாய்வு தொடங்குமுன் இதற்கு நேரம் இருக்கிறது.