சிறு துவாரமும் பெருஞ் சிகிச்சையும்

வயிற்றினுள்ளே, இரைப்பைக்குப் பின்னால், முள்ளந்தண்டுக்கு முன்பாகக் குறுக்கே கிடக்கும் உறுப்பு சதையி. கணையம் என்பதும் இதன் பெயரே. உணவைச் செரிக்கச் செய்யும் நீரையும், குருதியிலுள்ள வெல்லத்தை அடக்கியாளும் இன்சுலினையும் சுரப்பது இதுவாகும். மறைவிடத்தில் இருப்பதனால், இதிலே தோன்றும் புற்றுநோய் நெடுநாள் வெளிப்படுவதில்லை. கண் மஞ்சளாகி, உடல் மெலிந்து வைத்தியரை நாடும் வேளையில், பலருக்குச் சத்திரசிகிச்சைக்குரிய காலம் கடந்துவிடுகின்றது. காலம் கடவாத சிலருக்கோ கட்டியை அறுத்தகற்றுதலே நோய் தீர்வதற்குரிய முதல் வழியாகும்.

சதையியின் தலைப்பகுதியை அகற்றுதல் மிகக் கடினமான சிகிச்சை. 1909இல் பேர்லினில் வால்தர் கௌஷ் அதனைச் செய்தார். 1935இல் நியூயோர்க் நகரத்து அலன் விப்பிள் வெளியிட்ட முறைக்குப் பின்னர், அது அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. அச்சிகிச்சையில் தலைப்பகுதியோடு முன்சிறுகுடலும், பித்தப்பையும், பித்தக்கானின் ஒரு பகுதியும் நீக்கப்படும். பின்னர் எஞ்சிய சதையி, பித்தக்கான், இரைப்பை ஆகிய மூன்றையும் சிறுகுடலோடு இணைத்துத் தைத்தல் வேண்டும். தையலினூடே சதையிநீர் கசியுமாயின், உணவைச் செரிக்கும் அந்நீர் உடலையே அரிக்கத் தொடங்கும். ஆதலின் அறுப்பதிலும் பார்க்க இணைப்பதே அரிது.

இதனை வயிற்றைப் பெரிதாகப் பிளவாமற் செய்யலாமா? 1992இல் கனடாவிலுள்ள மொன்றியல் நகரில் மிஷெல் காஞே, அல்போன்ஸ் பொம்ப் என்னும் இருவர், நாட்பட்ட சதையி அழற்சியுற்ற ஒருவருக்கு இதனைச் செய்து காட்டினர். வயிற்றிலே சிறு துவாரங்கள் சில இடப்படும். கரியமில வாயுவைச் செலுத்தி வயிறு உப்பச் செய்யப்படும். ஒரு துவாரத்தின் வழியே நுழையும் ஒளிப்படக் கருவி உட்புறத்தைத் திரையிலே காட்ட, ஏனைய துவாரங்களின் வழியே செல்லும் நீண்ட கருவிகள் வேலையைச் செய்யும். இக்காலத்தில் அக்கருவிகளை இயந்திரக் கரங்களும் ஏந்துகின்றன.

துவாரம் சிறிதாயின் துன்பமும் சிறிதாகும் என்று எண்ணுவது இயல்பே. சதையியின் வால்பகுதியைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் மெய்யாயிற்று. அங்கே மீள இணைக்கும் வேலை இல்லை. ஒல்லாந்தில் 108 பேரைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட ஆய்விலே, வயிறு திறக்கப்பட்டோர் 6 நாளில் அடைந்த தேறுதலைத் துவாரமுறையினர் 4 நாளில் அடைந்தனர்.

தலைப்பகுதியின் கதையோ வேறு. அதே நாட்டில் நடந்த மற்றோர் ஆய்விலே, துவாரமுறையிற் சிகிச்சை பெற்ற 50 பேரில் 5 பேர் சிக்கல்களால் 90 நாளுக்குள் இறந்தனர். வயிறு திறக்கப்பட்ட 49 பேரில் இறந்தவர் ஒருவரே. சிறு தொகையினரிடத்துக் கண்ட இவ்வேற்றுமை தற்செயலாகவும் இருத்தல் கூடும். எனினும் நோயாளரின் உயிரைப் பணயம் வைக்க விரும்பாது, ஆய்வை இடையிலேயே நிறுத்தினர். தாம் பயின்ற புதுமுறையைத் தாமே நிறுத்திவைத்த அந்நேர்மை போற்றத்தக்கது.

2021இல் சீனத்திலிருந்து வேறொரு விடை வந்தது. இத்தகைய துவாரச் சிகிச்சையை 104 தடவைக்குக் குறையாது செய்து கைபழகிய வைத்தியர்களே அவ்வாய்விற் பங்குகொண்டனர். 656 நோயாளரைக் கொண்ட அவ்வாய்விலே இருமுறைகளிலும் இறப்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வைத்தியசாலையில் தங்கிய காலம் துவாரமுறையில் 15 நாள். மற்றையதில் 16 நாள். அத்துணைப் பயிற்சிக்குப் பின்னரும் கிடைத்த ஆதாயம் ஒரு நாளே.

தோலிலே தெரியும் வடு சிறிதாயினும், உள்ளே நிகழும் சிகிச்சை சிறிதன்று. ஆகவே, இந்நோய் கண்ட குடும்பத்தார் வைத்தியரிடம் கேட்கவேண்டியது துவாரத்தின் அளவையன்று. இச்சிகிச்சை அவ்வைத்தியசாலையில் ஆண்டுக்கு எத்தனை பேருக்கு நடைபெறுகின்றது, அவர்கள் எவ்வாறு தேறினர் என்பதையே கேட்டறிதல் வேண்டும்.