பேச்சுணரும் கருவியும் நம் வாய்மொழியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

யான் கல்லூரி வாயிலை மிதித்தவன் அல்லன். பள்ளியிறுதி வகுப்போடு இரயில்வேக் குமாஸ்தாவாக அமர்ந்தவன். எனினும், சீட்டுக் கொடுக்கும் சன்னலின் பின்னே இருந்து பல திறத்து மாந்தர்தம் பேச்சையும் நாள்தோறும் செவிமடுப்பவன் என்ற உரிமை ஒன்றே இப்பொருள் குறித்துப் பேச எனக்குத் துணிவளிக்கிறது. மனிதன் பேசக் கேட்டு ஏவல் செய்யும் கருவிகள் வந்துவிட்டனவே, அவை எல்லோர் பேச்சையும் உணர்கின்றனவா என்பதே என் வினா.

2011-இல் சிரி, 2014-இல் அலெக்சா, 2016-இல் கூகுள் அசிஸ்டன்ட் என இக்கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. 2017-இல் கூகுளின் குரல்வழித் தேடல் தமிழுக்கும் வந்தது. கருவிக்கு நம்மைப்போல் செவியும் இல்லை, கருத்தும் இல்லை. அது ஒலியை நொடியில் நூறில் ஒரு பங்கு போன்ற நுண்துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் எண்களாக மாற்றி, முன்னர்ப் பயின்ற பல்லாயிரம் மணிநேரப் பேச்சின் துணைகொண்டு, இஃது இன்ன சொல்லாகலாம் என ஊகிக்கிறது. ஆகவே, யாருடைய பேச்சை அது மிகுதியாகக் கேட்டதோ, அவருடைய பேச்சே அதற்கு நன்கு விளங்கும். கேளாத பேச்சில் அது தடுமாறும்.

இது வெறும் கற்பனையன்று. 2020-இல் அமெரிக்க ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஐந்து பெரும் நிறுவனங்களின் கருவிகளைச் சோதித்தனர். வெள்ளையர் பேசிய நூறு சொற்களில் ஏறத்தாழ 19 பிழைபட்டன. கறுப்பின மக்கள் பேசிய நூறில் ஏறத்தாழ 35 பிழைபட்டன. இரு சாராரும் பேசியது ஆங்கிலமே. ஒரே மொழியில் இத்துணை வேற்றுமை எனில், நம் நிலையை என்னென்பது!

நாம் எழுதுவது ஒரு தமிழ். பேசுவது வேறொரு தமிழ். "வந்துகொண்டிருக்கிறான்" என ஏட்டில் எழுதிவிட்டு, "வந்துட்டிருக்கான்" என்று வாயால் சொல்கிறோம். நம் சித்தூர் வட்டத்திலோ, கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் கொங்குத் தமிழின் "ங்க" ஒலிக்கும். அதனோடு மலையாளமும் கலந்து வரும். இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களிலோ மதுரைப் பேச்சும் நெல்லைப் பேச்சும் வாழ்கின்றன. "வெள்ளம்" என்னும் ஒரு சொல்லையே நோக்குங்கள். மலையாளத்தில் அது நீர். தமிழில் ஆற்றுப் பெருக்கு. நம் வீட்டுக் குழந்தை தாகத்திற்கு "வெள்ளம்" கேட்டால் தாய் நீர் மொண்டு தருவாள்; கருவியோ மழைச் செய்தி படிக்கத் தொடங்கக்கூடும்.

இவற்றினும் நெஞ்சை வருத்துவது ஒன்று உண்டு. பக்கவாதத்தால் நாக் குழறுவோர், மூளை முடக்குவாதத்தோடு பிறந்தோர், திக்குவாய் உடையோர், பல்லிழந்த முதியோர் ஆகியோரின் பேச்சில் ஒலிகள் மழுங்கும். இடையிடையே நீண்ட மௌனம் நேரும். அம்மௌனத்தைப் பேச்சின் முடிவென எண்ணிக் கருவி வாயடைத்துவிடுகிறது. கை நடுங்குவதால் பொத்தானை அழுத்த இயலாதவர்க்கன்றோ குரல்வழிக் கருவி முதற்கண் வேண்டும்? யாருக்கு மிகத் தேவையோ அவரையே அது கைவிடுவது எத்துணைக் கொடுமை!

நல்லோர் சிலர் இக்குறை நீக்க முயன்றுள்ளனர். சென்னையை அடுத்துள்ள எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியார், பேச்சுக் குழறலுடைய தமிழர் இருபதின்மரின் குரலைப் பதிந்து தொகுத்தனர். அத்தொகுப்பு 2021-இல் ஆராய்ச்சியாளர்க்கு வெளியிடப்பட்டது. 2022-இல் தமிழ் பேசும் முதியோர், திருநங்கையர் ஆகியோரின் பேச்சைக் கருவிக்கு உணர்த்துவதற்கென்றே ஆய்வுப் போட்டி ஒன்று நடந்தது. கூகுளின் யூபோனியாத் திட்டம் 2019 முதல் பேச்சுக் குறையுடையோரின் குரல்களைத் திரட்டி, ஒருவருடைய பேச்சிற்கெனத் தனியே பயிற்றினால் கருவி மிகவும் திருந்தும் எனக் காட்டியது. இதில் வியப்பில்லை. மழலையின் மொழி தாய்க்கு விளங்குவது எதனால்? அவள் நாளெல்லாம் அதனைக் கேட்பதனால் அன்றோ!

சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழுவினர் 2024-இல் வெளியிட்ட தொகுப்பில் 22 மொழிகளில், 145 மாவட்டங்களிலிருந்து, 16,237 பேரின் 7,348 மணிநேரப் பேச்சு இடம்பெற்றது. அதில் ஏட்டைப் பார்த்துப் படித்தது நூற்றுக்கு ஒன்பதே. எஞ்சியது தாமே பேசியதும் உரையாடியதும் ஆகும். இதுவே நேரிய வழி.

அன்பர்களே! நாம் செய்யத்தக்கது யாது? மோசில்லாவின் காமன் வாய்ஸ் என்னும் குரல் திரட்டில் தமிழும் உண்டு. இந்திய அரசின் பாஷினித் திட்டத்திலும் குரற்கொடை அளிக்கலாம். ஞாயிறுதோறும் சங்கத்தில் ஒரு மணிநேரம் ஒதுக்கி, நம் பாட்டிமாரும் தாத்தாமாரும் விரும்பினால் தம் குரலை வழங்க இளைஞர் துணைசெய்க. குரலும் கையொப்பம் போன்றது; எவர்க்கு, எதற்கு அளிக்கிறோம் என்பதை முதியோர்க்கு நன்கு விளக்கி, அவர் இசைவு பெற்ற பின்னரே பதிவு செய்க.

மற்றுமொரு வேண்டுகோள். கருவிக்கு விளங்கவில்லை என்பதற்காக நம் பிள்ளைகள் ஆங்கிலத்திற்குத் தாவுகின்றனர். தாத்தாவின் பேச்சைக் கேட்டு நகைக்கவும் செய்கின்றனர். குறை தாத்தாவின் நாவில் இல்லை. அவரைக் கேட்டுப் பழகாத கருவியில்தான் உள்ளது என்பதை அவர்கட்கு எடுத்துரையுங்கள். சீட்டுச் சன்னலில் ஒருவர் சொல்லும் ஊர்ப்பெயர் விளங்காவிடில், "விளங்கவில்லை" என்று அவரைத் திருப்பியனுப்புவதில்லை. "கோயமுத்தூரா, பொள்ளாச்சியா?" என மீண்டும் வினவி, அவர் தலையசைத்த பின்னரே சீட்டுக் கொடுக்கிறோம். அப்பொறுமையைக் கருவி கற்கும் வரையில், நம் வீட்டில் நாமேனும் அதனைக் கைக்கொள்வோம்.