நிவாரணமும் சமாதானமும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



துயருற்றோர்க்கு உதவுதல் தொண்டர் வேலை. சமாதானம் செய்தல் அரசியலார் வேலை. அயற்சமயத்தாரை அறிதல் மேடைப் பேச்சு. இவ்வாறு மூன்றையும் மூன்று பெட்டியிலிட்டுப் பூட்டிவைப்போர் பலர். நாமும் அப்படித்தான் இருந்தோம், 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோள் வரும்வரை.

மூன்றாம் நாள் கிழக்குக் கரையில் ஒரு கோயில் மண்டபத்துக்கு லொறியில் அரிசி, பருப்பு, பால்மா கொண்டு சென்றோம். பட்டியலைப் பார்த்து ஒழுங்காகவே பங்கிட்டோம். வீதிக்கு அப்பால் பள்ளிக்கூடத்தில் முஸ்லிம் குடும்பங்கள் தங்கியிருந்தன. அவர்கள் நம் பட்டியலில் இல்லை. பிள்ளைகள் மதிலருகில் நின்று பார்த்தார்கள். லொறி வெறுமையாயிற்று. முதலிரண்டு நாளும் கோயிலில் இருந்தோர்க்குச் சோறு சமைத்தனுப்பியவர்கள் பள்ளிவாசலார் என்பதை அதன் பின்னரே அறிந்தோம். கோயில் ஐயர் ஏசவில்லை. “தம்பிமாரே, நீங்க லொறியில ஏறிப் போயிருவீங்க. நாளைக்கு அவங்கட முகத்தில நாங்கதான் முழிக்கணும்” என்றார்.

போர் நடக்கும் நாட்டிற் கொடுக்கும் உதவி, மக்களைப் பிரிப்பதை வளர்க்கும். அல்லது இணைப்பதை வளர்க்கும். இரண்டுஞ் செய்யாமல் இராது என்று மேரி அண்டர்சன் என்னும் அமெரிக்கர் 1999இல் ஒரு நூலில் விரித்து எழுதியிருக்கிறார். ஐயர் அந்நூலைப் படித்திருக்கமாட்டார்.

அதே கடற்கோள் உள்நாட்டுப் போர் கண்ட இன்னொரு நிலத்தையும் அழித்தது. அது இந்தோனேசியாவின் சுமாத்திராத் தீவிலுள்ள அச்சே மாகாணம். அங்கே 1976 முதல் அரசுக்கும் விடுதலை இயக்கத்துக்கும் பகை. கடற்கோளின்போது அங்கே போர்நிறுத்தம் இல்லை. நம்மிடமோ 2002இல் எழுதிய போர்நிறுத்த உடன்படிக்கை இருந்தது. ஆயினும் நடந்தது என்ன? பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி அஹ்திசாரி நடுவராயிருக்க, அவர்கள் 2005 ஆகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியிற் கையொப்பமிட்டார்கள். இயக்கத்தார் தனிநாட்டைக் கைவிட்டு 840 ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். அரசு, பிரதேசக் கட்சிகளுக்கும் சுயாட்சிக்கும் இடங்கொடுத்தது. இங்கே, உதவியைக் கூடிப் பங்கிடும் பொதுக் கட்டமைப்பு 2005 ஜூன் 24இற் கைச்சாத்தாயிற்று; தம்மைச் சேராமலே கையெழுத்திட்டார்கள் என்று முஸ்லிம்கள் மனம் நொந்தார்கள்; ஜூலை 15இல் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை நிறுத்திவைத்தது. மறு ஆண்டு மீண்டும் முழுப் போர்.

அச்சேயில் உதவிப் பணமே சமாதானத்தைக் கொண்டுவந்தது என்று சொல்வாருண்டு. அது மிகை. கடற்கோளுக்கு முன்னரே இரு திறத்தாரும் இரகசியமாகப் பேச முயன்றிருந்தனர். பணம் சேர்ந்த இடத்தில் மனக்குறையும் சேர்ந்தது: கடலோரத்தில் வீடுகள் எழும்ப, போரில் எரிந்த உள்நாட்டுக் கிராமங்களுக்கு மிகச் சிறிதே கிடைத்தது. இரண்டும் இழப்புத்தான் அன்றோ!

எனினும் அச்சே மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெசிஜுக் என்பது அதன் பெயர். குளிர்வித்தல் என்று பொருள். காட்டிலிருந்து திரும்பிய போராளிக்கு ஊரார் நீரும் அரிசியும் தெளித்து, மஞ்சட் சோறு கொடுத்து, மீண்டும் ஊரவனாக ஏற்றார்கள். நம் வீட்டில் ஆலாத்தி எடுப்பதைப் போன்றதே. அவர்கள் முஸ்லிம்கள், நாம் சைவர்கள். வெளிநாட்டு நிபுணர் எவரும் அதை அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. அறிந்திருந்தால் அவருக்கும் உதவியாயிருந்திருக்கும்.

ஆகவே இவ்வாண்டு நம் நிவாரணக் குழுவுக்கு ஒரு பிரேரணை கொண்டுவந்துள்ளோம். வெள்ளம் வருமுன்னரே பள்ளிவாசல் நிர்வாகத்தார், பங்குத்தந்தை, விகாராதிபதி மூவரையும் கண்டு, பட்டியலை அவர்களுடன் கூடியிருந்து எழுதவேண்டும். முதலிற் பள்ளிவாசலுக்குப் போகவேண்டும். அங்கே நாம் கொடுக்கவேண்டிய நன்றி ஒன்று இன்னும் பாக்கியிருக்கிறது. யார் யார் வருகிறீர்கள்?