மீன்தொட்டிக்குள் தரைச்செடி



நம்ம மூலனூர்ப் பக்கம் முருங்கைத் தோட்டத்தில் தண்ணீர் தேங்கி நின்றால் என்ன ஆகும்? வேர் அழுகும், மரம் பட்டுப்போகும். உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

பிள்ளைகள் ஆசைக்கு வைக்கிற கண்ணாடி மீன்தொட்டியிலும் இதே கதைதானுங்க. ‘லக்கி பேம்பூ’ என்று கடையில் தொட்டிக்குள் நட்டு விற்கிறார்களே, அது மூங்கிலும் அல்ல, நீர்ச்செடியும் அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த டிரசீனா என்னும் தரைச்செடி. வேர் தண்ணீரிலும் இலை காற்றிலும் இருந்தால் பிழைக்கும். முழுசாக முக்கி வைத்தால் சில வாரங்களில் அழுகத் தொடங்கும். அப்போது தண்ணீரில் பிராணவாயு குறையும், அம்மோனியா சேரும். செடியோடு மீனும் போகும்.

வாங்குமுன் தண்ணீரைவிட்டுத் தூக்கிப் பாருங்க. ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா போன்ற நீர்ச்செடிகள் துவண்டு தொங்கும். தரைச்செடி விறைப்பாக நிற்கும். விறைப்பான சில செடிகளும் தண்ணீரில் வாழும் என்பதால், பெயர் கேட்டு விசாரித்து வாங்குங்க.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? அழுகுமுன் எடுத்து, மண்சட்டியில் நட்டு, நிழலில் வையுங்க. தொட்டியில் கால்பங்கு தண்ணீரை மாற்றுங்க. செடியும் பிழைக்கும், மீனும் பிழைக்கும்.