தருமக் கச்சேரி



அசோக் நகரில் வாழும் இளம் பாடகர் ஒருவர் அண்மையில் என்னிடம் வருந்திச் சொன்னார்: "நற்பணிக்கு நிதி திரட்டுகிறோம், சன்மானமின்றிப் பாடுங்கள் என்று பலர் வருகிறார்கள். மறுத்தால் பழி, இசைந்தால் வீட்டு வாடகைக்கு வழியில்லை. நான் என்ன செய்ய?"

கலையால் கொடை செய்வது உயர்ந்த மரபு. கஸ்தூரிபாய் காந்தி நினைவு நிதிக்காக 1944-இல் கச்சேரிகள் செய்தார், எம். எஸ். சுப்புலட்சுமி. 1974-இல் மகசேசே விருது அவருக்குப் பொதுத்தொண்டுக்காகவே கிடைத்தது. ஆயினும் அது அவராக உவந்து அளித்த கொடை. பிறர் விதித்த வரி அன்று.

ஆகவே அந்த இளைஞருக்குச் சொன்னேன்: "ஆண்டுக்கு இத்தனை தருமக் கச்சேரி என்று முதலிலேயே வரையறுத்துக்கொள்ளும். நிதி யாருக்குச் சேரும், கணக்கை யார் காட்டுவார் என்று கேளும், கேட்பது குற்றமன்று. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் கூலி கொடுப்பவர்கள், பக்கவாத்தியக்காரருக்கும் கொடுக்கட்டும். உமது சன்மானத்தை நீர் விட்டுக்கொடுக்கலாம். மிருதங்கக்காரருடையதை விட்டுக்கொடுக்க உமக்கு உரிமையில்லை. இயலாவிடில் அன்றைக்கே பணிவாகச் சொல்லிவிடும். அவர்கள் வேறொருவரை நாடுவார்கள்."

நண்பர்களே, நாளை உங்கள் கல்லூரி விழாவுக்கு ஒரு கலைஞரை அழைக்க நீங்களே செல்லக்கூடும். அப்போது, "எவ்வளவு தரவேண்டும்?" என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்பதை அவர் சொல்லட்டும்.