கணக்குப் படித்தால் ரம்மியில் ஜெயிக்கலாமா?

(நெய்வேலியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சுரங்கத்தைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். நெய்வேலிக்காரர்களுக்கு மண் தோண்டுவதைப் பற்றி நான் என்ன சொல்ல? அதனால் ஹாஸ்டலில் அரியர் இல்லாமல் எல்லோரும் பாஸான பாடத்தை எடுத்துக்கொண்டேன். ரம்மி!

நிகழ்தகவுக் கணக்கே சூதாட்டக் கேள்வியில் வளர்ந்ததுதான். 1654-ல் பாஸ்கலும் ஃபெர்மாவும், பாதியில் நின்ற ஆட்டத்தின் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கடிதம் எழுதிக்கொண்டார்கள். அதைப் படித்தால் ஆட்டம் தேறுமா? ஓரளவு தேறும். கையில் ஆட்டின் 6, 7 இருந்தால் 5-ம் உதவும், 8-ம் உதவும். இரண்டு கட்டு என்பதால் நாலு சீட்டு. 6-ம் 8-ம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டே சீட்டு. (ஜோக்கரை விட்டுவிடுங்கள்.) ஸ்கூட் விட்டால் 20 பாயின்ட் நஷ்டம். ஆடித் தோற்றால் சராசரி 50, ஜெயித்தால் 40 என்று வைத்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜெயிக்க வாய்ப்பிருந்தால்தான் ஆட வேண்டும். இது தெரியாமல் ஹாஸ்டலில் எத்தனை ஃபுல் கவுன்ட் கொடுத்திருக்கிறேன்!

ஆனால் எங்கள் வட்டத்தில் ஒரு மாமா உண்டு. அப்பாவோடு ஷிப்ட் பார்த்தவர். நிகழ்தகவு என்ன விலை என்பார். ஒரு பொங்கல் லீவில் என் நாலு சீட்டுக் கணக்கை விளக்கினேன். "தம்பி, உன் நாலுல ரெண்டு கீழ விழுந்தாச்சு, ஒண்ண உங்கப்பா எடுத்தாரு. எதுக்குடா காத்திருக்க?" என்றார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்தார்.

அந்தப் பாடத்தோடு நிறுத்தியிருக்கலாம். 2020 ஊரடங்கில் போனில் ரம்மி ஆட ஆரம்பித்தேன். இருவர் ஆட்டம், ஆளுக்கு ஆயிரம் ரூபாய். நாலு மாதம், சுமார் ஆயிரம் ஆட்டம். பைக் தவணை பாங்கிலிருந்து திரும்பி வந்தபோதுதான் "சம்பளம் எங்கங்க போச்சு?" என்று மனைவி கேட்டாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று ராத்திரி எல்லா ஆட்டத்தையும் எக்ஸெலில் ஏற்றினேன். நூற்றுக்கு 52 ஜெயித்திருக்கிறேன்! ஆனால் 64,000 ரூபாய் போயிருக்கிறது.

காரணம் ரொம்ப சிம்பிள். இரண்டாயிரத்தில் 200 ரூபாய் கம்பெனிக்கு. ஜெயித்தால் 800 வரும், தோற்றால் 1,000 போகும். கைக்காசு போகாமல் இருக்கவே நூற்றுக்கு 56 ஜெயிக்க வேண்டும். நான் சீட்டைக் கணக்குப் போட்டேன், கமிஷனைப் போடவில்லை.

நம் நிலக்கரி நிறுவனம் பதிவான அதே 1956-ல், பெல் ஆய்வுக்கூடத்தின் ஜான் கெல்லி எவ்வளவு பந்தயம் கட்டலாம் என்று ஒரு சூத்திரம் எழுதினார். என் 52-ஐ அதில் போட்டால் விடை மைனஸ் வருகிறது. அதாவது ஒரு ரூபாய்கூட வைக்காதே என்று அர்த்தம்.

1967-ல் சுப்ரீம் கோர்ட் ரம்மியைப் பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. அதையே எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், நானும் மனைவியிடம் காட்டினேன். நடத்துகிறவர் அதில் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பில் இருப்பதைப் பிறகுதான் படித்தேன். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவதையே தடை செய்துவிட்டது.

அந்த 64,000-ஐ அடைக்க எனக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. மாமாவோடு இப்போதும் ஆடுகிறேன், புளியங்கொட்டை வைத்து. போன ஞாயிற்றுக்கிழமைகூட நாற்பது கொட்டை தோற்றேன். அங்கே கமிஷன் கிடையாது, மாமி போடும் காபிதான்.

பந்தி ஆரம்பித்துவிட்டதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார்.